சரியாக வந்த மீன்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால் எந்தக் கோப்பின்படி என்று கேட்பார்கள். ஆகவே, ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு நாட்டில், ஒரு நாணயச்சாலை இருந்ததாம். அங்கே தங்க நாணயங்களுக்கு அச்சு செதுக்க ஒரே ஒரு செதுக்கர். ஓய்வுபெற ஒரு வருடம்தான் பாக்கி. அதுவரை ஏதாவது தப்பு நேர்ந்து பென்ஷன் போய்விடக் கூடாதே என்று மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார்.

புது நாணயத்தில் மான். "வலது முன்னங்கால் தூக்கியிருக்கட்டும்" என்று இயக்குநர் கையெழுத்திட்டார். "ஊன்றியிருக்கட்டும்" என்று துணை இயக்குநரும் கையெழுத்திட்டார். இரண்டும் மேலிடத்து உத்தரவு. செதுக்கர் இரண்டையும் நிறைவேற்றினார். மானுக்கு ஐந்து கால்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று அவர் தலையில் கைவைத்த அன்றே அத்தனை நாணயமும் விற்றுத் தீர்ந்தது. நாலு கால் மான் எந்தக் காட்டிலும் உண்டு. இது எங்கே கிடைக்கும் என்று சேகரிப்பாளர்கள் வாசற்கதவையே பெயர்த்துவிட்டார்கள்.

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"யோவ், அடுத்த நாணயத்துலயும் தப்பு வேணும். ஆனா ஒழுங்கா இருக்கணும்."

"தப்பு எப்படிங்கய்யா ஒழுங்கா இருக்கும்?"

"விதிமுறைப்படி செஞ்சா இருக்கும்."

உடனே பிழை நெறிப்படுத்தும் குழு அமைக்கப்பட்டது. ஏழு கூட்டங்களுக்குப் பின், மீனுக்குக் காது வைப்பதென ஒருமனதாகத் தீர்மானமானது. இடது காதா, வலது காதா என்பதைத் துணைக்குழு ஆராய்ந்தது. பிழையில் பிழை வராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆய்வாளரும் வந்து சேர்ந்தார்.

பத்தாயிரம் மீன்கள் வெளிவந்தன. ஒருவரும் சீண்டவில்லை.

"எல்லாத்துக்கும் காது இருந்தா அது தப்பில்லீங்க, டிசைன்" என்று உதட்டைப் பிதுக்கினார் மூத்த சேகரிப்பாளர். பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் திடீரென்று அலறினார். ஒன்றில் காதைக் காணோம்! அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டு, அந்த ஒரு மீன் மட்டும் மீனாகவே வந்துவிட்டது. அதற்காக அங்கே நடந்த அடிதடியில் மூன்று சட்டை கிழிந்தது.

மறுநாள் இயக்குநர் முன்னால் விசாரணை.

"அனுமதி இல்லாம சரியா வந்திருக்கு. என்ன சொல்றீரு?"

"மீனுக்குக் காது கிடையாதுங்களேய்யா..."

"மீனைப் பத்தி யார் கேட்டா? கோப்புல காது இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க."

பணிநீக்கம். பென்ஷனும் ரத்து.

ஆணையோடு வெளியே வந்தவரை மூத்த சேகரிப்பாளர் மடக்கினார். வாங்கிப் படித்ததுமே பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை உருவினார்.

"அண்ணே, சரியா வந்ததுக்காக வேலை போன ஆணை! உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும். உங்க ஆயுசு பென்ஷனை மொத்தமா இப்பவே தர்றேன். குடுத்துடுங்க."

செதுக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் முப்பது வருட உத்தியோகம் வாயைச் சும்மா விடவில்லை.

"இது என்னோட பிரதிங்க. கோப்புல ஒண்ணு, கணக்குப் பிரிவுல ஒண்ணு. ஆக மூணு."

"மூணா?" சேகரிப்பாளரின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப வெறும் காகிதம்ண்ணே." திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

செதுக்கர் அதை வாங்கிக்கொண்டார். பிறகு, விரல் ரேகை பட்டால் மதிப்பு குறையுமோ என்று ஆணையை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு பிரதிகளையும் கரையான் அரிக்க எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்தபடியே நடந்துபோனார்.