பிரதிவாதி தரப்பில் சந்தானகிருஷ்ணன்

காலை மணி பத்து முப்பத்தொன்று. தஞ்சாவூர் உரிமையியல் நீதிமன்றத்தில் என் சீனியர் சந்தானகிருஷ்ணன் எழுந்து நிற்கும் நேரம் அது. உலக நீதித்துறை வரலாற்றில் அந்த நேரத்துக்குத் தனி இடம் உண்டு. நீதியைத் தேடி ஆயிரம் பேர் வருகிறார்கள். அது எவர் கையிலும் அகப்பட்டுவிடாமல் பாதுகாக்க ஒருவராவது வேண்டும்.

அவர் பிரதிவாதிகளுக்கு மட்டுமே ஆஜராவார். தோற்ற வழக்கு ஒன்றுகூட அவரிடம் இல்லை. ஜெயித்த வழக்கும் இல்லை. முடிந்த வழக்கே அநேகமாக இல்லை. நான் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது என் தலையில் முடி இருந்தது. அப்போது நடந்துகொண்டிருந்த பாகப்பிரிவினை வழக்கு இப்போதும் நடக்கிறது. பாகம் கேட்ட அண்ணன் தம்பிகள்தான் இல்லை.

அவருடைய வாதம் சுருக்கமானது. "வாய்தா வேணும் யுவர் ஆனர். அதுவரைக்கும் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்." ஒரே மூச்சில் சொல்வார். நீதிபதிகள் வாய்தாவை மட்டும் எழுதிக்கொள்வார்கள். உள்ளது எப்படியும் உள்ளபடிதான் இருந்தது.

அவர் புகழுக்குச் சிகரம் அமிர்தலிங்கத்தின் வழக்கு.

அமிர்தலிங்கம் பூதலூர் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். கார் நிறுத்த இடம் போதவில்லை. மண்டபத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் சும்மா கிடந்தது. அதாவது, தண்ணீர் ஓடிக்கொண்டு சும்மா கிடந்தது. மண்ணடித்து மூடி, மேலே சிமெண்ட் கல் பதித்தார்.

அந்த வாய்க்காலை நம்பிக் கீழே ஒன்றரை ஏக்கர் வயல் இருந்தது. நாகம்மாளுடையது. அவருக்கு வேறு நிலம் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. அந்த வருடம் நடவு இல்லை. வாய்க்காலைத் திறந்துவிடக் கோரி வழக்குப் போட்டார். அடுத்த வருடமும் நடவு இல்லை.

அங்கே வாய்க்கால் இருந்ததா என்று பார்த்து வர நீதிமன்றம் ஒரு வக்கீலை ஆணையராக நியமித்தது. அவருக்குத் தோதான நாளைச் சீனியரே யோசித்துச் சொன்னார். மே மாதம். மேட்டூர் அணை மூடிக் கிடக்கும், டெல்டா முழுக்கப் புழுதி பறக்கும் மாதம். ஆணையர் நேர்மையானவர். கண்டதை எழுதினார்: "தண்ணீர் எதுவும் தென்படவில்லை."

நாகம்மாளின் வக்கீல் செம்மொழி ஆட்சேபித்து, ஐப்பசியில் மறுபடி ஆணையரை அனுப்பவைத்தார். அப்போது மண்டபத்தைச் சுற்றி முழங்காலளவு தண்ணீர். சீனியர் எழுந்தார். இது மழைத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் என்றால் வாதி நிரூபிக்கட்டும் என்றார். ஒரு பாட்டில் தண்ணீர் ஆய்வகத்துக்குப் போனது. நீண்ட ஆராய்ச்சிக்குப் பின், அது தண்ணீர்தான் என்று ஆய்வகம் சான்றளித்தது.

இடையில் ஒரு தாசில்தார் அவசரப்பட்டார். ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவு போட்டுவிட்டார். சீனியர் மதுரைக்கு ரயிலேறினார். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் இருபத்தோராவது பிரிவை எடுத்து வைத்தார். வாழும் உரிமை என்றால் கண்ணியமாக வாழும் உரிமை. காரை எங்கோ விட்டுவிட்டு மாப்பிள்ளை சேற்றில் நடந்து வந்தால் அவர் கண்ணியம் என்னாவது? எங்கள் தரப்பில் மாப்பிள்ளைகள் ஏராளம். எதிர்த்தரப்பில் ஒரே ஒரு நாகம்மாள். தாசில்தாரின் உத்தரவுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. இப்படியாக டெல்டாவில் 'அடிப்படை உரிமை' காப்பாற்றப்பட்டது.

நாகம்மாள் எல்லா வாய்தாவுக்கும் வருவார். வராந்தாவில் சீனியரைக் கண்டால் கும்பிடுவார். ஒருமுறை மட்டும் பேசினார். "ஐயா, எனக்காக ஒண்ணும் பேச வேணாங்க. ஒரே ஒரு தடவ எந்திரிக்காம உக்காந்திருந்தாப் போதும்."

சீனியர் கோபப்படவில்லை. உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள் என்று பண்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போய், எழுந்து நின்றார்.

இந்த வருடம் ஆடி பிறந்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லை. மண்டபத்தில் விளக்கு இல்லை, காவல்காரர் சொந்த ஊருக்குப் போயிருந்தார், கார்கள் இல்லை. ஆற்றில் மட்டும் தண்ணீர் வந்திருந்தது. நாகம்மாள் ஒரு பொக்லைனை வாடகைக்குப் பிடித்தார். பட்டப்பகலில் சிமெண்ட் கல்லைப் பெயர்த்து, வாய்க்காலைப் பழையபடி தோண்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அமிர்தலிங்கம் ஈரச் செருப்போடு எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"சார், தண்ணி ஓடுது."

"எங்க?"

"வாய்க்கால்ல சார்."

"வாய்க்காலே இல்லைன்னுதானே நாம சொல்லிருக்கோம்?"

"இல்லைதான் சார். ஆனா ஓடுது."

நாகம்மாள் தோண்டக் கூடாது என்று ஏதாவது உத்தரவு இருக்கிறதா என்று கட்டுகளைப் புரட்டினோம். இல்லை. உத்தரவு கேட்டிருந்தால் விசாரணை நடந்திருக்கும். விசாரணையை நாங்கள் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆகவே, வாய்க்காலை உடனே மூடவேண்டும் என்று அவசர மனு தயாரானது. 'உடனே' என்ற சொல்லை எங்கள் ஆபீசில் அன்றுதான் முதன்முதலாக டைப் செய்தேன்.

மறுநாள் நீதிபதி ஃபஹ்மிதா எங்கள் மனுவை எடுத்தார். சீனியர் எழுந்தார். கவுனைச் சரிசெய்தார். அமிர்தலிங்கம் கை கூப்பினார். நீதிமன்றம் காத்திருந்தது.

"வாய்தா வேணும் யுவர் ஆனர்," என்றார் சீனியர். "அதுவரைக்கும் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

நான் அவர் கவுனைப் பிடித்து இழுத்தேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து லேசாகத் தலையசைத்தார்.

செம்மொழி எழுந்தார். அவர் ஆட்சேபிக்காத நாளை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கற்றறிந்த நண்பர் கேட்டதை முழுவதுமாகப் பதிவு செய்ய வேண்டும், தமக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்றார். சீனியர் பதறி, தான் சொல்ல வந்தது வேறு என்று தொடங்கினார். நீதிபதி எழுதி முடித்திருந்தார். இந்த வழக்கின் வழக்கமான இடைவெளிப்படி வாய்தா, பொங்கல் விடுமுறைக்குப் பிறகு. அதுவரை வாய்க்காலை யாரும் தொடக் கூடாது. தொட்டால் நீதிமன்ற அவமதிப்பு.

அதாவது, சம்பா விதைத்து, நட்டு, அறுத்து முடிக்கும்வரை.

அமிர்தலிங்கம் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். நாம் கேட்டது கிடைத்துவிட்டது என்றேன். எங்கள் ஆபீசில் அப்படி நடந்ததும் அதுவே முதல் முறை.

இரண்டு வாரம் கழித்து நாகம்மாள் ஆபீசுக்கு வந்தார். காலில் நாற்றங்கால் சேறு. சீனியருக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எதிர்த்தரப்பு ஆளோடு நேரடியாகப் பேசுவது தொழில் மரபல்ல என்றார் சீனியர். நீங்கள் பேச வேண்டாம் என்றார் நாகம்மாள்.

"ஏழு வருஷமா நியாயம் எம் பக்கம் இருந்துச்சுங்க. ஒரு பொட்டுத் தண்ணி வரல. ஒருத்தரையும் கேக்காம ஒரே ஒரு நாள் வெட்டுனேன். இன்னிக்குக் கோர்ட்டே வரப்புல காவல் நிக்குது. இப்படித்தான் செய்யணும்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாங்க, ஐயா?"