புயல்வேலனுக்கு பெல்ட் மாட்டிய நாள்

சிலரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும். என்னிடம் படக்கதை நாயகன் புயல்வேலனைப் பற்றிக் கேட்டால் பிரசங்கம் வரும். இது வியாதி என்பது எனக்கே தெரியும். பள்ளிக்கூட நாட்களில் ஸ்ரீபெரும்புதூர் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் படக்கதைப் புத்தகங்களைப் பொறுக்கி வந்து படித்ததில் ஒட்டிக்கொண்டது. அந்த வியாதி முற்றிப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்க்க வெடித்த கதை இது.

அப்போது நான் ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். பாதுகாப்பு வாரம் வந்தது. கடைசி நாள் குடும்ப விழா. அதற்காக எங்கள் எச்.ஆர். மேனேஜர் லாரன்ஸ் சார் ஒரு மீட்டிங் போட்டார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். நல்ல மனிதர், பொறுமைசாலி. (அன்றைக்கு மீட்டிங் முடிகிறவரை.)

"பசங்கள்லாம் வருவாங்க. இப்போ அதுங்க போன்ல அந்த புயல்வேலனத்தான பாத்துக்கினு கீதுங்க? அந்த வேஷத்துல ஒருத்தர ஏத்தி, ஹெல்மெட் போடுங்க, ஷூ போடுங்கன்னு சொல்ல வெச்சா இன்னா? அவன் டிரெஸ்ஸு இன்னா கலரு?"

'நீலம் சார்' என்று சொல்லிவிட்டு நான் டீயைக் குடித்திருக்க வேண்டும். எழுந்து நின்றேன்.

புயல்வேலன் எப்படிப் பிறந்தான் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வராமல் போய், நான்கு பக்கம் காலியாக நின்றது. ஆபீசில் அப்போது இருந்த ஒரே ஓவியர் காலண்டருக்கு முருகன் படம் போடுகிறவர். "விடியறதுக்குள்ள ஏதாவது வரைஞ்சு குடுய்யா" என்றார்கள். அவருக்கு வேறு மாதிரி நிற்க வைக்கத் தெரியாது. அதனால்தான் புயல்வேலன் இன்றுவரை இடுப்பில் ஒரு கை வைத்து, ஒரு காலை லேசாக மடக்கி, மயிலைத் தொலைத்துவிட்ட முருகன் மாதிரி நிற்கிறான்.

"கலரு..." என்றார் லாரன்ஸ் சார்.

"வரேன் சார். அவன் ஒரு கலங்கரை விளக்கத்துல விளக்கு ஏத்தற ஊழியன். பெரும்புயல் அடிக்குது. எல்லாரும் ஓடிட்டாங்க. கடல்ல ஒரு படகு தவிக்குது. விளக்கு அணையக்கூடாதுன்னு இவன் மட்டும் மேல நிக்கறான். அப்போ மூச்சை இழுக்கறான் பாருங்க, அந்தப் புயலே உள்ள போயிடுது! முதுகுல இருக்கறது துப்பட்டா இல்ல சார். அந்தப் படகோட கிழிஞ்ச பாய்மரத் துணி."

ஸ்டோர்ஸ்காரர் கொட்டாவி விட்டார். நான் விடவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் சனங்களுக்கு ஏன் அவனைப் பிடிக்கிறது என்ற பகுதிக்குப் போனேன். ஊரையே காப்பாற்றுவான், ஆனால் மறுநாள் வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்குச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவான். ஏன் தாமதம் என்று சொல்லவும் முடியாது. யாருக்கும் தெரியக்கூடாது. "நம்ம லைன்ல நிக்கற பொண்ணுங்க எல்லாருமே அப்படித்தான சார்? வீட்ல என்னென்ன புயல தாண்டி வராங்கன்னு நமக்குத் தெரியுமா? நாம லேட் மார்க் போடறோம்!"

இந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

"யம்மா கோதை," என்றார் லாரன்ஸ் சார், "இவ்ளோ தெரிஞ்சுகினு கீறியே. அந்த டயலாக்க நீயே எழுதிடு. நம்ம மெயின்டனன்ஸ் செல்வம் ஆறடி ஆளு. அவன் வேஷம் கட்டட்டும். கலர மட்டும் ஒரு தாள்ல எழுதி அனுப்பு."

வாலாஜாபாத்தில் ஒரு டெய்லர் செல்வத்தின் அளவுக்கு உடை தைத்துக் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. விழாவுக்கு முந்தின நாள் செல்வத்துக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. தாடை இரண்டு பக்கமும் உப்பி, புயலை நிஜமாகவே வாய்க்குள் அடக்கி வைத்தவர் மாதிரி போட்டோ அனுப்பியிருந்தார்.

"வசனம் மனப்பாடமா தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான்" என்றார் லாரன்ஸ் சார் போனில். நான் ஐந்தடி. மறுத்திருக்கலாம். ஆனால் உள்ளுக்குள் ஒரு குரல், 'இதுக்காகத்தானடி நீ பொறந்த' என்றது. (அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் எந்த விஷயத்திலும் நம்பியதில்லை.)

இதற்கிடையில் வீட்டில் அம்மாவின் போக்கு சரியில்லை. "ஞாயித்துக்கிழம விழாவுக்கு அந்த மாம்பழக் கலர் புடவைய கட்டிக்கோயேன்" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அங்கேயே டிரெஸ் குடுக்கறாங்கம்மா."

"நல்ல டிரெஸ்ஸா?"

"நீலம். கம்பீரமா இருக்கும்."

அம்மா நிம்மதியானாள். எனக்கு அப்போது தெரியாத விஷயம் இது: மறைமலை நகரில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ரகு என்ற பையனின் ஜாதகம் வந்திருந்தது. முறைப்படி பெண் பார்ப்பதற்கு முன்னால் பெண்ணை இயல்பாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பையனின் அம்மா ஆசைப்பட்டிருக்கிறார். "விழாவுக்கே வாங்க. ஆபீஸ்ல எங்க பொண்ணுக்கு எவ்ளோ மரியாதைன்னு நீங்களே பாருங்க" என்று அம்மா எனக்கு வந்த குடும்ப பாஸில் அவர்களையும் சேர்த்துவிட்டாள்.

ஞாயிறு காலை. பார்க்கிங் இடத்தில் பந்தல், மேடை. செல்வத்தின் உடைக்குள் நான் இறங்கினேன். அதில் இன்னொரு ஆள் தாராளமாகக் குடியிருக்கலாம். லைன் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை கொண்டு என்னைத் தோளிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் இறுக்கிக் கட்டினார்கள். அதை ஒருமுறை இழுத்தால் இறுகத்தான் செய்யும், வெட்டினால்தான் கழலும். மீசையைக் கோந்து வைத்து ஒட்டினார்கள்.

மேடையின் பின்பக்கம், கலங்கரை விளக்கம் மாதிரி ஓர் உயரமான மேடை போட்டிருந்தார்கள். நான் அதன் மேல் நின்று காட்சி கொடுத்துவிட்டு, படியிறங்கி முன்னால் வந்து மைக்கில் பேச வேண்டும். ஏறப் போகும்போது பாதுகாப்பு அதிகாரி சண்முகவேல் அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். தென்காசிப் பக்கத்துக்காரர்.

"எங்க போறிய? ஒசரத்துல நிக்கணும்னா ஹெல்மெட்டு, பெல்ட்டு ரெண்டும் வேணும்."

"அண்ணாச்சி, நான் புயல்வேலன். பறப்பேன்."

"பறந்துக்கோங்க. பெல்ட்ட போட்டுக்கிட்டுப் பறங்க."

ஆக, பாய்மரத்துக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட், மார்பில் குறுக்கும் நெடுக்குமாக பெல்ட், அதிலிருந்து ஒரு நீளக் கயிறு, கயிற்றின் முனையில் பெரிய கொக்கி. "கெட்டியான இரும்புல மாட்டுங்க. எறங்கும்போது மறக்காம கழத்துங்க" என்றார். மேலே ஏறிப் பார்த்தேன். கைக்கு எட்டியது பேனர் கட்டியிருந்த இரும்புக் குழாய்தான். மாட்டினேன்.

அந்த பேனரைச் சொல்ல வேண்டும். மேடை அகலத்துக்கு இருந்தது. 'பாதுகாப்பே முதல்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எங்கள் பிளான்ட் மேனேஜர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேனருக்குக் கீழே, நாற்காலியில், அதே பிளான்ட் மேனேஜர் நிஜமாகவும் உட்கார்ந்திருந்தார்.

இசை எழுந்தது. திரை விலகியது. ஷெட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய ஃபேனை ஒருவர் முழு வேகத்தில் போட்டார். இடுப்பில் கை வைத்து, காலை மடக்கி, காலண்டர் முருகனாக நின்றேன். பாய்மரம் படபடத்தது. குழந்தைகள் "ஓ" என்று கத்தினார்கள். அந்த இருபது விநாடி என் வாழ்க்கையின் சிகரம்.

"புயல்வேலன் எதுக்கு ஹெல்மெட் போட்டுகினு கீறான்?" என்று முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கேட்டாள். அதற்குத்தான் வசனம் எழுதி வைத்திருந்தேன். பெருமிதத்தோடு படியிறங்கி மைக்கை நோக்கி நடந்தேன். கொக்கி நினைவிலேயே இல்லை.

மைக்குக்கு இரண்டு அடி இருக்கும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார்கள். பாய்மரம் எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அதே நேரம் ஃபேன் காற்றில் அது பறந்துவந்து என் முகத்தை மூடியது. கண் தெரியவில்லை. ஆனால் ஊரைக் காப்பாற்றுகிறவன் ஒரு துணிக்குப் பயந்து நிற்பானா? பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு முன்னால் இழுத்தேன்.

முதலில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். இன்னொரு தடவை இழுத்தேன்.

பிறகு கீழே இருந்தவர்கள் சொன்னது: பேனர் உடனே விழவில்லையாம். பிளான்ட் மேனேஜர் படம் கைகூப்பியபடியே மெதுவாக முன்னால் குனிந்து, எல்லோருக்கும் நமஸ்காரம் செய்வது போல் இறங்கியதாம். சிலர் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று கைதட்டியிருக்கிறார்கள். அடுத்த நொடி மேடையே காணாமல் போயிற்று. குழாய் நல்லவேளையாக மைக் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. துணிக்கு அடியில் ஒரு பக்கம் நான் உருண்டேன். இன்னொரு பக்கம் பேனர் 'டர்' என்று கிழிந்து, அதில் சிரித்துக்கொண்டிருந்த பிளான்ட் மேனேஜரின் தோள் வழியாக, சிரிக்காத பிளான்ட் மேனேஜர் தலையை நீட்டினார்.

லைன் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், தொலைக்காட்சிச் செய்தி மாதிரி நிதானமாக வந்தது: "புயல் கரையைக் கடந்துடுச்சுப்பா!"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு வல்லக்கோட்டை வரை கேட்டிருக்கும்.

எனக்கு அப்போதும் ஓர் ஆறுதல் இருந்தது. ஹெல்மெட், மீசை, பாய்மரம் எல்லாம் இருக்கிறது. லாரன்ஸ் சாரையும் நான்கைந்து பேரையும் தவிர உள்ளே இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. புயல்வேலனின் முதல் விதியே அதுதான். பேசாமல் படுத்திருந்தேன். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் அலறல் கேட்டது.

"ஐயோ, அது எங்க கோதை காலு! அந்தக் கொலுசு நான் வாங்கிக் குடுத்தது!"

அம்மா மேடையேறி வந்தாள். துணியை விலக்கி என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். ஆள் பிழைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் அவளுக்கு மானப் பிரச்சினை நினைவுக்கு வந்தது. "மீசைய எடுடி! அவங்க பாக்கறாங்க!" என்று சொல்லி ஒரே இழுப்பில் பிய்த்தாள். அந்தக் கோந்து நல்ல தரம். மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. என் அலறல் எட்டு ஸ்பீக்கர்களிலும் போயிற்று.

"யாரும்மா பாக்கறாங்க?" என்றேன், வாயைப் பொத்திக்கொண்டு.

"மாப்பிள்ள வூடு!"

கணுக்கால் சுளுக்கியிருந்தது. முதலுதவி அறைக்குத் தூக்கிப் போனார்கள். அண்ணாச்சி வந்து பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. ரொம்பக் காலமாக ஏறிக்கொண்டே வந்த எண். "அத சைபர் ஆக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். லாரன்ஸ் சார் சுவரில் சாய்ந்தபடி புலம்பினார்: "மெஷின்ல கை வெக்கற யாருக்கும் ஒண்ணும் ஆவல. பாதுகாப்பு பத்தி பேச வந்த ஆளு பேனர சாச்சிட்டு காலு சுளுக்கினு கீது. மேல இருக்கறவங்களுக்கு நான் இன்னான்னு எழுதுவேன்?"

நான் அழுதேன். வேலை போய்விடும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. கல்யாணமும் போய்விட்டது. ஒரே மூச்சில் இரண்டையும் ஊதித் தள்ளியிருந்தேன்.

அப்போது கதவருகே ஒரு பையன் ஐஸ் பையோடு நின்றான். பின்னால் அவன் அம்மா. ரகு என்று தெரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. என் அம்மா அங்கேயே தலையில் கை வைத்துவிட்டாள். அவன் ஐஸ் பையை என்னிடம் நீட்டிவிட்டு, தயங்கித் தயங்கி, "ஒண்ணு கேக்கலாமா? முதல் கதைல புயல்வேலனுக்கு மீசையே இல்லையே?" என்றான்.

நான் அழுகையை நிறுத்தினேன். "முதல் கதைல மட்டும் இல்ல, மூணாவது வரைக்கும் இல்ல. காலண்டர் ஓவியர் விலகிட்டாரு. அடுத்து வந்தவருக்கு வாய் வரைய வராது. வாய மறைக்கத்தான் மீசை வெச்சாரு" என்று ஆரம்பித்தேன். ஐஸ் கரைந்து கட்டிலெல்லாம் ஈரமாகும்வரை பேசியிருக்கிறேன். நடுவில் அவன் இரண்டு இடத்தில் மறுத்துப் பேசினான். தப்பாகத்தான் பேசினான், இருந்தாலும் பேசினான்.

அவன் அம்மா எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு, என் அம்மாவிடம் சொன்னார்: "காலுதான் சுளுக்கிக்கிச்சு. வாய் நல்லாதான் இருக்கு. எல்லாரும் பொண்ண காபித் தட்டோட பாப்பாங்க. நான் பேனர்ல சுருட்டிப் பாத்துட்டேன். இதுக்கு மேல பாக்கறதுக்கு இன்னா இருக்கு? நாள் பாருங்க."

வேலையும் போகவில்லை. பிளான்ட் மேனேஜர் திங்கட்கிழமை கூப்பிட்டு, விபத்துக்கு மூலகாரணம் என்ன என்று நானே ஆராய்ந்து பாடமாகத் தயாரிக்க வேண்டும் என்றார். தயாரித்தேன். இன்றைக்கும் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு அணிக்கும் என் கொலுசுக்கால் போட்டோவைத் திரையில் போட்டு நானேதான் அந்தப் பாடத்தை எடுக்கிறேன். எந்த அணியும் தூங்கியதில்லை.

எங்கள் வீட்டில் குக்கர் மூடி விழுந்தாலும், துணிக்கொடி அறுந்தாலும், மாமியார் இருந்த இடத்திலிருந்தே "கரையைக் கடந்துடுச்சா?" என்று கேட்பார். விருந்தாளிகள் யாராவது புரியாமல் விழித்தால் முதலிலிருந்து முழுக்கதையும் வரும். அந்தக் கதையில் வருஷத்துக்கு வருஷம் பேனர் பெரிதாகிக்கொண்டே போகிறது.

போன மழைக்காலத்தில் நிஜமாகவே ஒரு புயல் வந்தது. மதியமே இருட்டிவிட்டது. ஷிப்ட் பஸ்ஸுக்காக கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். மாமியாரிடமிருந்து போன்.

"டிவில இன்னும் கரையக் கடக்கலன்னு சொல்லிக்கினு கீறான். நீ இன்னும் ஆபீஸ்லதான் நிக்கறியா? சீக்கிரம் கிளம்பி வந்து சேரு, பாவம், ஊரே உனக்காக காத்துகினு கீது!"