சாளை ஒறுத்த நாற்பது நாள்

இந்தத் தவக்காலத்தில் ஆண்டவரையும் என் மனைவி ஆனியையும் ஒரே பொய்யில் ஏமாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆண்டவர் பெரிய மனசுக்காரர், மன்னித்துவிடுவார் என்ற தைரியம்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ரத்தப் பரிசோதனை. கெட்ட கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, பொரித்த பரோட்டாவை விட்டுவிட்டு நல்ல கொழுப்பாகச் சாப்பிடுங்கள், சாளை மீன் ரொம்ப நல்லது என்றார் டாக்டர். என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனியைப் பார்த்துச் சொன்னார். மறுநாளிலிருந்து சாளைக் குழம்பு, சாளை அவியல், சாளைப் புட்டு. எனக்கோ சாளை வாடையே ஆகாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், எனக்கு எது பிடிக்கும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஆளுக்கொரு பிரியமான பண்டத்தை ஈஸ்டர் வரை தொடாமல் ஒறுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கறி எப்படியும் கிடையாது, இது அதற்கும் மேலே. கோயிலிலிருந்து நெற்றிச் சாம்பலோடு வந்ததும் அறிவித்தேன்.

“ஏளா, நான் சாளைய ஒறுக்கேன்.”

“சாளையவா? அவ்வளவு பிரியமா உங்களுக்கு?”

“அது இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது.”

“இத்தன வருஷம் சொல்லவேயில்லயே,” என்றாள். அவள் கண் கலங்கியதாகக்கூட எனக்குத் தோன்றியது.

நாற்பது நாளும் ராஜ வாழ்க்கை. சீலா வறுவல், விளமீன் குழம்பு. நல்ல கொழுப்புக்கு ஒரு கை நிலக்கடலையோடு விட்டுவிட்டாள். இவ்வளவு லேசாக ஜெயித்துவிட்டோமே என்று அவள்மேல் இரக்கம்கூட வந்தது. கடைசி வாரம் முழுக்க ஈஸ்டர் மட்டன் பிரியாணி நினைப்புதான். சிலுவைப் பாதையில் முழங்காலிட்டபோதும் அதே நினைப்புதான்.

ஈஸ்டர் மதியம் மச்சினன் வில்பிரட் குடும்பத்தோடு வந்திருந்தான். எல்லார் இலையிலும் பிரியாணி. என் இலையில் வெறும் சோறு, பக்கத்தில் ஒரு சட்டி நிறையச் சாளை.

“நாப்பது நாளா ஏங்கிப் போயிருப்பீங்கல்லா,” என்றாள் ஆனி. “பெரிய வெள்ளிக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டாங்கன்னு புதன்கிழமையே வாங்கி ஐஸ்ல போட்டு வச்சேன்.”

புருஷன் மனசறிந்து நடப்பது எப்படி என்று அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி, வில்பிரட் தன் மனைவிக்குப் புத்தி சொன்னான்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், நெற்றியில் சாம்பலை வைத்துக்கொண்டு ஆண்டவரிடமே பொய் சொன்னவன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பொட்டுச் சிரிப்பு இல்லை. ஆசையாய்ப் பரிமாறுகிறவள் முகமா அது? எனக்கு எது பிடிக்காது என்று இந்த இருபத்திரண்டு வருஷமும் அவளுக்குத் தெரிந்தேயிருந்திருக்கிறது. சாளையைவிட அதுதான் எனக்குக் கசந்தது.

பிடித்த மாதிரி காட்ட வேண்டுமே என்று மளமளவென்று தின்று தீர்த்தேன். இலை காலியானதும் இன்னும் நாலு வைத்தாள்.