துரு சாரும் எங்கள் வீட்டு அரிவாள்மணையும்

செம்பாக்கத்தில் நான் நிம்மதியாக ஓவியம் வரைய முடியாமல் போனதற்கு ஒரே காரணம் துரு சார்தான்.

எங்கள் அபார்ட்மென்டில் வாட்டர் கலர் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது மாடிக்கு அவர் குடிவந்தார், போச்சு. கையால் செய்த பழைய சாமான்களை மட்டும்தான் வரைவார். கொல்லர் அடித்த அரிவாள், கொத்தனாரின் கரணை, தச்சரின் உளி. அதிலும் துரு ஏறியிருக்க வேண்டும். இரும்பு பளபளத்தால் ஆளே சோர்ந்துவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

அவர் வரைந்த உளியைப் பார்த்த அசோசியேஷன் செயலாளர், கூர் இருக்கிறதா என்று படத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் வரைந்த ஏரி அஸ்தமனத்தைப் பார்த்த வாட்ச்மேன், "இன்னா சார், ஆம்லெட்டா?" என்றார். வயிறு எரியாதா? எரிந்தது.

வீடு வீடாகப் போய்ச் சாமான் இரவல் கேட்ட மனுஷர், என் வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லை. அதற்கும் எரிந்தது. கடைசியில் என் மனைவியே அவரைக் கூப்பிட்டு, அவள் அம்மா சீதனமாகக் கொடுத்த அரிவாள்மணையைக் காட்டினாள். அதைச் சுற்றிச் சுற்றி வந்தவர், காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. என் படம் எதற்கும் அந்தப் பூரிப்பு வந்ததில்லை.

போட்டோ எடுக்கப் போகிறவர்கள் குளித்துவிட்டுத்தானே போவார்கள்? இவள் அரிவாள்மணையைப் புளி போட்டுத் தேய்த்து, ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். மறுநாள் அதைப் பார்த்ததும் துரு சார் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அதோட வயசையே கழுவிட்டீங்களே, சிஸ்டர்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நானே ஸ்ட்ராங்காக ஒரு காபி போட்டுக் கொண்டுவந்தேன். டம்ளரை வாங்கியவரின் பார்வை, சுவரில் மாட்டியிருந்த என் ஏரியில் போய் நின்றது. எழுந்து கிட்டே போனார்.

"இந்த ஆரஞ்சு எப்படி சார் கொண்டுவந்தீங்க? என் துருவுக்கு இதத்தான் தேடிட்டிருக்கேன், வரவே மாட்டேங்குது. இங்க வந்தா இதப் பாக்கணுமேன்னுதான் சார் உங்க வீட்டுப் பக்கமே வரல. அவ்ளோ பொறாமை."

பாவி மனுஷர், இத்தனை நாள் எரிந்த வயிற்றில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

இப்போது துரு சார் தன் மகளோடு இருக்கக் கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டார். இங்கே மழை தூறினால் போதும், அரிவாள்மணையைப் பால்கனியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். இவள் திட்டிக்கொண்டே கத்தியால் வெண்டைக்காய் நறுக்குகிறாள். இன்னும் கொஞ்சம் துரு ஏறட்டும், அவருக்குப் போன் போட வேண்டும்.