துரு மாமாவின் துபாய் வண்டி

வங்காள விரிகுடா இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயப்படும். அவர் ராயபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அங்கே மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி சின்னது பெருசு எல்லாருக்கும் அவர் துரு மாமா.

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு வாங்கி மாட்டிய ஜன்னல் கம்பி, ஆடி மாதம் தொட்டால் அப்பளமாக உதிரும். சைக்கிள் செயின், ஃப்ரிட்ஜ் கால், சிலிண்டரின் அடிவளையம் எதையும் உப்புக் காற்று விட்டுவைக்காது. நாங்களெல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிட்டோம். மாமா மட்டும் எதிர்த்து நின்றார். தொழில் அப்படி. கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர். சுத்தியலால் தட்டித் துருவை உதிர்ப்பது, தேய்ப்பது, துரு ஏறாமலிருக்கச் சிவப்பு பெயின்ட் அடிப்பது, அதன் மேல் நிறம் அடிப்பது. துறைமுகத்தில் கூலி வாங்கிக்கொண்டு செய்ததைத் தெருவில் சும்மா செய்தார்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்டைத் தட்டுவார், திறப்பதற்காக அல்ல. விரல் முட்டியால் மேலிருந்து கீழாக டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறும் இடத்தில் நிற்பார். "இங்க பூந்துகினு கீது நைனா. மேல பாத்தா மாப்ள கணக்கா கீது, உள்ள ஒன்னியும் இல்ல" என்பார். மறுநாள் நாம் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் கேட் முழுக்க கிரீஸ் பூசியிருக்கும். எங்கள் தெருக்காரர்களை பஸ்ஸில் சுலபமாக அடையாளம் காணலாம். உள்ளங்கையும் கறுப்பு, டிக்கெட்டும் கறுப்பு.

உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு எண்ணூரில் மாப்பிள்ளை பார்க்கப் போனார்கள். மற்றவர்கள் பையனின் வேலை, சம்பளம், பழக்கவழக்கம் என்று விசாரித்துக்கொண்டிருக்க, மாமா வாசலில் நின்ற அவனுடைய பைக் சைலன்ஸரைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"கெளம்புங்க எல்லாரும். வண்டியையே தொடச்சி வைக்கத் தெரில, பொண்ணையா வச்சிக் காப்பாத்தப் போறான்?"

வாயில் போட்ட கேசரியை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கூட்டமே எழுந்து வந்தது.

கோயில் திருவிழாக் கதை இன்னும் மேல். கொடியேற்றத்துக்கு முதல்நாள், யாரும் கேட்காமலே இரும்பு நாற்காலிகளுக்கெல்லாம் சிவப்பு அடித்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் காற்றில் ஈரம். வெள்ளை அங்கியோடு உட்கார்ந்து எழுந்த பங்குத்தந்தையின் முதுகில் நாலு சிவப்புக் கோடு. ஊரே நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்க, மாமா ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார்.

"கோச்சுக்காதீங்க ஃபாதர். சோக்கா புடிச்சிகினு கீது. இனிமே எந்தக் காத்தும் ஒங்கள ஒன்னியும் பண்ணாது."

இப்பேர்ப்பட்டவர் பதினாறு வருஷம் துபாயில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்தார். அந்தப் பதினாறு வருஷத்தில் இங்கே மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் ஆனது, தம்பிக்கு ஆட்டோ வந்தது, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது, வீட்டுக்கு மாடி எழும்பியது. லீவில் வந்தால், கையில் கட்டியிருக்கும் வாட்சை யாராவது "நல்லா கீதே" என்று சொல்லிவிடக் கூடாது. கழற்றிக் கொடுத்துவிடுவார். ஒரு முறை ஷூவும் போய், ரப்பர் செருப்போடு விமானம் ஏறினார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கு இந்த விஷயத்தில் தீராத கோபம். போனிலும் நிம்மதி கிடையாது.

"எனுக்கு ரெண்டு நாளா ஜொரம்யா."

"அய்யய்யோ, மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"கேட்டுக்கு கிரீஸ் போட்டியா?"

வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வரப்போகிறார் என்று தெரிந்த வாரம், ஸ்டெல்லா அக்கா கையில் வீடியோ காலோடு என் மேஜைக்கு முன் வந்து உட்கார்ந்தார். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்க இலாகாவில் தாள் போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. திரையில் மாமாவின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"நைனா, ஏங்கிட்ட ஒரு வண்டி கீது. ஜப்பான் பைக்கு, நாலு சிலிண்டரு. ரெண்டு வருஷமா எம் பேர்ல கீது. அத்த அங்க கொண்டாரணும்."

"கொண்டு வரலாம் மாமா. ஊரோட திரும்புறவங்க ஒரு வண்டி கொண்டு வர்றதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு. ஆனா வரி, வண்டி விலையையே முழுங்கிடும். பேசாம அங்கயே வித்துட்டு இங்க வந்து புதுசா வாங்கிக்குங்க."

"ஏன் நைனா, ஒம் பொண்டாட்டிய எங்கியாவது வுட்டுட்டு வந்து இங்க புச்சா ஒன்னு கட்டிக்கன்னா கட்டிப்பியா?"

ஸ்டெல்லா அக்கா போனைத் தன் பக்கம் திருப்பினார். "கேட்டுக்க தம்பி. பதினாறு வருசமா பொண்டாட்டிய இங்க வுட்டுட்டு அங்க எத்தக் கட்டிக்கினு கெடந்தாருன்னு இப்பத் தெரிதா?"

நானும் சிரித்தேன், அக்காவும் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "இத்தினி வருஷத்துல எனுக்குன்னு ஆசப்பட்டு நான் வாங்குனது இது ஒன்னுதான்யா" என்றார்.

அக்கா போனை மேஜை மேல் வைத்தார். பிறகு என்னிடம், "தாளப் போடு தம்பி" என்றார். வரியைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

மாமா விமானத்தில் வந்தார். வண்டி, கொழும்பில் கப்பல் மாறி, மூன்று வாரம் கழித்து வந்தது. அந்த மூன்று வாரமும் அவர் தினம் காலையில் என் அலுவலகத்துக்கு வந்து கப்பல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அலுவலக பீரோக்கள் அனைத்துக்கும் கிரீஸ் பூசப்பட்டது. எங்கள் முதலாளி வேஷ்டி கட்டுவதையே விட்டுவிட்டார்.

திருவொற்றியூர் தாண்டி மணலி சாலையில் உள்ள கன்டெய்னர் கிடங்கில் பெட்டியைத் திறக்கும் நாள் வந்தது. மாமா கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி பட்டு பார்டர் வேஷ்டியில் நின்றார். ஸ்டெல்லா அக்காவுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார்கள். வாசலில் அவரோடு பத்து நிமிஷம் பேசிப் பார்த்த செக்யூரிட்டி, தானே பாஸ் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.

சோதனைக்கு வந்தது ஒரு பெண் அதிகாரி. கண்டிப்பானவர், காபிகூட வாங்கிக் குடிக்க மாட்டார் என்று பெயர். கன்டெய்னரிலிருந்து மரப்பெட்டியை இறக்கிப் பலகையைப் பிரித்தார்கள். உள்ளே பிளாஸ்டிக். அதைப் பிரித்தால் கிரீஸ். கிரீஸை வழித்தால், வண்டியின் எலும்புக்கூடு முழுக்கச் சிவப்பு. கடலில் மூன்று வாரம் உப்புக் காற்று படுமே என்று, கப்பலின் அடிவயிற்றுக்கு அடிக்கும் பெயின்ட்டைத் தன் வண்டிக்கு இரண்டு பூச்சு அடித்து அனுப்பியிருந்தார் மனுஷன். சுற்றி நின்ற லோடுமேன்கள் கைதட்டினார்கள். மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

அதிகாரி கையில் தாளோடு குனிந்தார். "சேஸிஸ் நம்பர் எங்க?"

ஹேண்டிலுக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் மழமழவென்று சிவப்பாக இருந்தது.

"நம்பர் மேல புதுசாப் பெயின்ட் அடிச்சா அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

"ஏழேழு ஜென்மத்துக்கும் துரு புடிக்காதுன்னு அர்த்தம் மேடம்" என்றார் மாமா பெருமையாக.

நான் அவரைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னேன். திருட்டு வண்டிக்காரர்கள்தான் எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு மேலே பெயின்ட் அடிப்பார்கள். சுங்கத்துக்காரர்களுக்கு எண் தெரியவில்லை என்றால் வண்டி அவருடையதே அல்ல. பறிமுதல்தான். மாமாவின் கை மீசையிலிருந்து இறங்கியது.

இன்ஜின் எண் மேல் கிரீஸ் மட்டும்தான், துடைத்ததும் தெரிந்துவிட்டது. கழுத்துதான் பிரச்சினை. தின்னர் ஊற்றலாம் என்றேன். தீப்பிடிக்கும் சமாச்சாரம் எதுவும் கிடங்குக்குள் வரக் கூடாது. ஒரு லோடுமேன் கம்பி பிரஷ் கொண்டுவந்தார். "ஒரு எழுத்துல கீறல் விழுந்தாலும் நான் பொறுப்பில்ல. தேய்ச்சு அழிச்சதுன்னுதான் எழுதுவேன்" என்றார் அதிகாரி. லோடுமேன் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மாமா மெதுவாக வாயைத் திறந்தார். "கப்பல்ல பேரு, நம்பரு இருக்குற எடத்துல நாங்க சும்மா பெயின்ட் அடிக்க மாட்டோம் மேடம். மொதல்ல கிரீஸ் தடவிட்டு அப்பாலதான் அடிப்போம். அப்பத்தான் பின்னால ஈஸியா உரியும்."

"அப்ப உரிங்க."

மாமா நகரவில்லை. "தடவுனனா இல்லியான்னு நெனப்பு வர்ல நைனா" என்றார் என்னிடம். பட்டறையில் அது அவருடைய கடைசி நாளாம். தோஸ்துங்க எல்லாரும் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்களாம். இவரும் அழுதுகொண்டே அடித்தாராம்.

ஸ்டெல்லா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "யோவ், ஊரான் வூட்டு கேட்டுக்கெல்லாம் தேடிப் போய்த் தடவுன கைய்யி, இத்த வுட்டுருக்குமா? இன்னாத்துக்கு மரம் மாரி நிக்குற? சுரண்டு!"

கேன்டீனிலிருந்து ஒரு கொட்டாங்குச்சித் துண்டு வந்தது. இரும்பைக் கீறாது, பெயின்ட்டைக் கிளப்பும். மாமா வேஷ்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டார். முதலில் விரல் முட்டியால் கழுத்தைத் தட்டினார். டொக். டொக். டொக். சத்தம் மாறியது. கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் கொட்டாங்குச்சி விளிம்பை வைத்து நெம்பினார். பெயின்ட், காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி சுருண்டு எழுந்தது. அடியில் கிரீஸ். கிரீஸுக்கு அடியில் முதல் எழுத்து, பளிச்சென்று, கம்பெனியில் அடித்தபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது சோதனை இல்லை, திருவிழாவில் நம்பர் கூவும் தம்போலா. ஒவ்வோர் எழுத்தாக வெளியே வர வர, அதிகாரி தாளில் பார்த்துச் சொல்ல, லோடுமேன்கள் கோரஸாகத் திருப்பிக் கத்தினார்கள். பக்கத்துக் கன்டெய்னரில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பதினாறு எழுத்து வந்துவிட்டது. பதினேழாவதுக்கு கிரீஸ் எட்டவில்லை போலிருக்கிறது, பெயின்ட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மாமா நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"தள்ளு" என்று பக்கத்தில் உட்கார்ந்தார் ஸ்டெல்லா அக்கா. "வஞ்சிர மீனுக்கு செதில் எடுத்த நகம்யா இது." கட்டை விரல் நகத்தால் ஓரத்தில் தொடங்கி, மணலில் ஊசி தேடுகிறவர் மாதிரி பொறுமையாகச் சுரண்டினார். ஏழு. தாளிலும் ஏழு.

அதிகாரி தன் மேஜைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். அவர் சிரித்ததாக எங்கள் அலுவலகத்தில் நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மாமா கும்பிட்டுவிட்டுப் போகாமல், அவருடைய இரும்பு மேஜையின் காலை இரண்டு தட்டுத் தட்டினார். "மேடம், இந்தக் காலு ரொம்ப நாளு தாங்காது." நான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வரி கட்டி, தாளெல்லாம் முடிந்து, வண்டியைக் குட்டி யானை மினி லாரியில் ஏற்றி ராயபுரம் கொண்டுவந்தோம். மாமா பின்னால் நின்று வண்டியைக் கட்டிப்பிடித்தபடியே வந்தார். தெருவே கூடியிருந்தது. வண்டியை இறக்கி நிறுத்தியதும், கடைசித் தங்கையின் புருஷன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சீட்டைத் தடவினார். ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார்.

"படா ஷோக்கா கீது மச்சான். நம்ம வூட்டாண்ட நின்னா எப்டி இருக்கும்!"

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். வலி தெரிந்தது. ஆனால் வாய், பழக்க தோஷத்தில், திறந்துவிட்டது. கை சட்டைப் பையிலிருந்த சாவியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மாமா!" என்று கத்தினேன். "சொல்ல மறந்துட்டேன். சட்டப்படி ரெண்டு வருஷத்துக்கு இந்த வண்டிய யாருக்கும் குடுக்கக் கூடாது. வேற யாராவது ஓட்டினாக்கூடப் பறிமுதல்."

தங்கை புருஷன் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தார். "ஓட்டக்கூடக் கூடாதா?"

"தொடுறதே தப்பு."

மாமாவின் கை பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது. "சட்டம்னா சட்டம்தான் மாப்ள, நான் இன்னா பண்றது?" என்றார். அவர் யாருக்கோ எதையோ இல்லை என்று சொன்னதை எங்கள் தெரு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டது.

இந்த வண்டியை இரண்டு வருஷத்துக்கு விற்கக் கூடாது என்பது வரைக்கும்தான் உண்மை. மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு தாளிலும் பொய் எழுதாத நான், அன்றைக்கு வாய்கூசாமல் ஒரு சட்டமே இயற்றினேன்.

இரண்டு வருஷம் போன மாதம் முடிந்தது. மாமா என் அலுவலகத்துக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, நாற்காலியைத் தட்டினார், மேஜையைத் தட்டினார். கடைசியில் கேட்டார்.

"நைனா, அந்தச் சட்டம் முடிஞ்சிச்சா? தம்பி வேற கேட்டுகினே கீறான்."

நான் கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் பார்ப்பது போல் பார்த்தேன். "நீட்டிச்சுட்டாங்க மாமா. இன்னும் அஞ்சு வருஷம்."

"அடப்பாவிங்களா" என்று அவர் விட்ட பெருமூச்சில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போய், சீட்டைத் துடைத்து, அங்கே காத்திருந்த அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். ஷேர் ஆட்டோக்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில், மகாராஜா மாதிரி.

இதைப் படிக்கும் ராயபுரத்துக்காரர்களே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், மாமாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். தனக்கென்று அந்த மனுஷன் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். அதை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகாமல் இருக்க, இந்த நாட்டில் இல்லாத ஒரு சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும்.