கோடிச் சேலையும் அறுபத்து நான்கு நிறமும்

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. கோபம் இல்லாதபோதும் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பது என் காருக்கு விளக்கு மாட்டியபோதுதான் தெரிந்தது.

என் கார் பத்து வருடப் பழசு. வில்லாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினார். அதன் டேஷ்போர்டில் மெல்லிய கோடாக ஊதா வெளிச்சம் ஓடியது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. தீபாவளி முடிந்த வாரம் சிம்மக்கல்லில் ஒரு கடைக்குப் போய் எல்.இ.டி. பட்டை வாங்கினேன். அறுபத்து நான்கு நிறம். பாட்டுக்கு ஏற்ப ஆடும்.

"நம்ம பயலுகளே மாட்டிக் குடுத்துருவாய்ங்கண்ணே," என்றார் கடைக்காரர்.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

(இருந்தது. கை மட்டும்தான் இருந்தது.)

ஞாயிறு முழுக்க டேஷ்போர்டைப் பிரித்தேன். வீடியோவில் பேசியவன் தனியாக ஒரு ஸ்விட்ச் வைக்கச் சொன்னான். அவன் யார் எனக்குச் சொல்ல? வயரை நேராக பேட்டரியில் கொடுத்தேன். அடித்து மூடிய பிறகு ஒன்பது கிளிப் மிச்சம். கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டிருக்கிறான் என்று முடிவு செய்தேன். விளக்கை அணைக்கப் போனில் ஆப் வேண்டும். என் போனில் இடமில்லாததால் மனைவியின் போனில் ஏற்றினேன். பாட்டுப் போட்டுப் பார்த்தோம், ஆடியது. பாட்டை நிறுத்தியதும் இருட்டானது. அணைந்துவிட்டது என்று நினைத்துத் தூங்கப் போனேன். அது அணையவில்லை. அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தது.

திங்கட்கிழமை காலை சமயநல்லூரிலிருந்து செய்தி வந்தது. அத்தை, அதாவது அப்பாவின் ஒரே தங்கை, இறந்துவிட்டார்.

அத்தை மகன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று அப்பாவின் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அத்தையின் கணவரான மாமாவும் அப்பாவும் பேசி எட்டு வருடமாகிறது. அத்தை படுக்கையில் கிடந்தபோதுகூட அப்பா போகவில்லை. ஆனால் பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அதைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். மனைவி காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டாள். அப்பா மட்டும் சாயங்காலம் வரை சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள என் கையால வாங்கலேன்னா என்னடா செய்ய? அம்புட்டுப் பேரு முன்னாடி?"

காரை எடுத்தேன். மழை மூட்டம், ஐந்தரைக்கே இருட்டு.

தெருமுனை தாண்டியதும் பின்சீட்டில் அம்மா, "எங்க வீட்டு மகராசியே..." என்று குரலெடுத்தார். டேஷ்போர்டு முழுக்கச் சிவப்பாக எரிந்தது. மூச்சு வாங்கினார், பச்சை. மூக்கைச் சிந்தினார், ஊதா.

அப்பா சேலை வைத்த தட்டைப் பிடித்தபடி அதையே பார்த்தார்.

"அமத்துடா."

"அமத்த முடியாதுப்பா."

"ஏன்?"

"அது அவ போன்ல இருக்கு."

சிம்மக்கல் சிக்னலில் அம்மா அழுகையின் உச்சத்தில் இருந்தார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, செம்மயா இருக்கே! எங்க மாட்டுனீங்க?" என்றார். அப்பாவின் துண்டை வாங்கி டேஷ்போர்டை மூடினேன். துண்டுக்குள் ரோஜா நிறத்தில் எரிந்தது. இன்னும் அழகாக இருந்தது, சனியன்.

சமயநல்லூரில் துட்டி வீட்டு வாசலில் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. நான் காரை நிறுத்தியதும் துண்டு நழுவியது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு நிறம். கொட்டுக்காரர் ஒருவர் கவனித்துவிட்டார். சந்தேகத்தோடு இரண்டு தட்டு தட்டினார். விளக்கும் இரண்டு முறை மின்னியது. மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை, அடியை வேகமாக்கினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"தீவாளி முடிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்," என்றார் ஒரு பெரியவர்.

நான் கதவைத் திறந்து போட்டு, டேஷ்போர்டுக்குள் கையை விட்டு வயரைத் தேடி இழுத்தேன். ஏ.சி. மூடி கையோடு வந்தது.

அப்பா தட்டோடு நடந்தார். மாமா வாசலில் வந்து நின்று கையை உயர்த்தினார். கொட்டு நின்றது. காரும் இருண்டது. அந்த அமைதியில் அப்பா, "மாப்ள..." என்றார். அதற்கு மேல் முடியாமல் உடைந்து அழுதுவிட்டார். அப்படி அவர் அழுது நான் கேட்டதில்லை. எனக்குப் பின்னால் அந்தப் பாழாய்ப்போன விளக்கு சிவப்பாக எரிந்தது.

மாமா தட்டைத் தொடவில்லை. காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார்.

"மச்சான், யாரு பாத்த வேல இது?"

"இந்தா நிக்கிறான்ல, ஒங்க மருமயேன்."

"இவனுக்குப் புத்தி சொல்ல ஆளில்லையா?"

அப்பா கண்ணைத் துடைத்தார். "சொல்ற ஆளு நீங்கதேன் எட்டு வருசமா வீட்டுப் பக்கமே வரலையே."

மாமா ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

சேலையைப் போர்த்தினார்கள். மனைவி வந்து ஒரே விரலால் விளக்கை அணைத்தாள்.

மாமா இப்போது மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். எனக்குப் புத்தி சொல்லத்தானாம். சொந்தத்தில் யார் இறந்தாலும் முதலில் என்னைக் கூப்பிட்டு, "மருமவனே, நீ பஸ்ல வா," என்கிறார்.

விளக்கு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பிரிக்க எனக்குத் தைரியமில்லை. மனைவி அந்த ஆப்பை அழிக்கவே இல்லை. வண்டியில் நான் யாரையாவது திட்ட ஆரம்பித்தால் மெதுவாகப் போனை எடுக்கிறாள். என் குரல் ஏற ஏற டேஷ்போர்டில் நிறமும் ஏறுகிறது. பின்சீட்டில் எல்லோரும் சேர்ந்து, "சேப்பு வருது, சேப்பு வருது," என்கிறார்கள்.

சொந்தக் காசில் வாங்கிய காரில் ஒரு மனிதன் நிம்மதியாகக் கத்தக்கூட முடியவில்லை.