கை தூக்கினால் படகு வரும்

டோலன் துறை பாரம்பரியப் பூங்கா,
முகாம் இடம் எண் 14 (பாதி உள்ளே, பாதி சாலையில்),
செவ்வாய், பகல் பன்னிரண்டேகால்.

அன்பு மைத்துனன் வென்டெலுக்கு,

அத்தான் டெல்மர் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அக்கா லார்னாவும் நலம்தான், ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறாள். நீயும் உன் வீட்டாரும், முட்டியில் அறுவை செய்துகொண்ட உன் நாயும் சுகமாக இருக்க வேண்டும்.

போன நன்றி நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "அத்தான், படுக்கை அடுப்போட வீடு மாதிரி இருக்கிற இந்த ஆர்.வி. வண்டி உங்களுக்கு எதுக்கு? எனக்குக் குடுத்துடுங்க" என்று கேட்டாயே, தருகிறேன். வியாழக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போ. காரணம் சொல்லாமல் கொடுத்தால் எஞ்சினில் கோளாறு என்று நினைப்பாய். எஞ்சின் நன்றாக இருக்கிறது, கோளாறு ஓட்டுகிறவனிடம். செல்போன் இங்கே எடுக்கவில்லை, அதனால் பூங்கா வரைபடத்தின் பின்பக்கத்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன்.

வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி இடத்துக்குள் விடுவது எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். வராதது மட்டுமா, நான் உள்ளே விட ஆரம்பித்தால் அக்கம்பக்கத்து ஆர்.வி.க்காரர்கள் காப்பியோடு மடக்கு நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அது இந்தக் கூட்டத்தின் குலவழக்கம், குற்றம் சொல்ல முடியாது, நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் உட்காருகிறேன். இன்று காலை லார்னா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இதோ பாருங்க, மூணே தடவை. அதுக்குள்ள வண்டி உள்ள போகலன்னா பஸ்ஸப் பிடிச்சு வென்டெல் வீட்டுக்குப் போயிடுவேன். இனிமே இந்தத் தகர டப்பாவுல காலெடுத்து வைக்க மாட்டேன்." வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே கைகோத்துக்கொண்டு போய் வாங்கிய வண்டி, வென்டெல். அதைத் தகர டப்பா என்றதும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

பதினான்காம் இடம் பழைய படகுத்துறையை ஒட்டி இருக்கிறது. லார்னா வழக்கம்போல் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "நான் கண்ணாடியில தெரியறேனா?" என்றாள். "தெரியற, தெரியற" என்றேன். வண்டியைப் பின்னால் விட்டேன், பெஞ்சில் இடித்தது, அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தச் சொன்னாளாம். உடனே அக்கரையில் மணி அடித்தது. நூற்றெண்பது வருடத்துக்கு முன்னால் படகை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே கூப்பிட வேண்டும் என்று இந்தப் பூங்காவில் ஒரு வழக்கம்: துறையில் நின்று இரண்டு கையையும் தூக்கினால் படகு வரும். மணி அடித்துவிட்டால் நடுவில் திரும்பக் கூடாது. படகுக்காரர் ஆர்லோ, தோல் தொப்பியும் தொங்கு மீசையுமாகக் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். படகில் லுத்தரன் தேவாலயத்துப் பெண்கள் பதினெட்டுப் பேர். "யாரும்மா கூப்பிட்டது?" என்றார். யாரும் கூப்பிடவில்லை என்றதும் முறைத்துவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டாம் தடவை தண்ணீர்க் குழாய்க் கம்பம் சாய்ந்தது, லார்னா கையைத் தூக்கினாள், அதே பதினெட்டுப் பேரோடு படகு வந்தது. "அம்மா, விளையாடறீங்களா? என் தோள்பட்டை கழண்டு போச்சு!" என்று ஆர்லோ கத்தினார். மூன்றாம் தடவை வந்தபோது அந்தப் பெண்கள் சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு, "வலது பக்கம் ஒடிங்க! ஐயோ, உங்க வலது இல்ல, எங்க வலது!" என்று படகிலிருந்தே வழி சொன்னார்கள். வண்டி குறுக்கே நின்றது. இந்த இடமே கோணல் என்றேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள் உன் அக்கா. பையை எடுத்தாள், படகில் ஏறினாள், போய்விட்டாள். பஸ் நிறுத்தம் அக்கரையில்தான் இருக்கிறது. பஸ் ஒன்றரைக்கு.

உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்த நாலு வருடத்தில் அவளை நான் ஒரு தடவைகூடக் கண்ணாடியில் பார்த்ததில்லை. வண்டிக்கு நேர் பின்னால் நின்றால் எவருமே தெரிய மாட்டார்கள். தெரியவில்லை என்றால் எனக்கு ஓட்டத் தெரியாது என்பாளே என்று "தெரியற, தெரியற" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தால், அவள் அக்கரை பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் வந்தால் மாடி அறையைக் கொடு, காப்பியில் சர்க்கரை போடாதே. வண்டியை எடுத்துக்கொண்டு அவளை மட்டும் எப்படியாவது எனக்குத் திருப்பி அனுப்பு.

ஆண்டவர் உன்னையும் குடும்பத்தையும் காப்பாராக. நாய்க்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
அத்தான் டெல்மர்

பின்குறிப்பு: வியாழக்கிழமை வர வேண்டாம். வண்டி கிடையாது. கடிதத்தை மடிக்கும்போது பக்கக் கண்ணாடியில் என்னவோ அசைந்தது. பார்த்தால் அக்கரையில் லார்னா இந்தப் பக்கம் திரும்பி எழுந்து நிற்கிறாள், தலை முதல் கால் வரை முழுசாக, கட்டை விரல் உயரத்தில். இடது கையை ஆட்டினாள், நான் ஒடித்தேன். வலது கையை ஆட்டினாள், நேராக்கினேன். இரண்டு கையையும் தூக்கினாள், நின்றேன். ஒரே தடவையில் வண்டி உள்ளே! அவள் பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆர்லோ, "ஏம்மா, நான் இங்கதானே இருக்கேன்?" என்று கேட்டாராம். ஒன்றரை மணி பஸ் காலியாகப் போயிற்று. இக்கரைக்கு வந்து இறங்கியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் தெரிஞ்சேனா?"

"தெரிஞ்ச" என்றேன். சத்தியமாக, வென்டெல்.